காற்றாலைக் கரண்ட் வாங்கினால் காஸ்டிக் சோடா பசுமையாகிவிடுமா?

உப்பளத்தான்:
தென்மாவட்டத்தில் ஒரு காஸ்டிக் சோடா ஆலையில் ஷிப்ட் இன்ஜினியர் நான். போன வருடம் செல் (உப்புநீரில் கரண்ட் பாய்ச்சிச் சோடா எடுக்கும் கலம்) ஒவ்வொன்றுக்கும் வோல்டேஜ் சென்சார் மாட்டினார்கள். முப்பந்தல் பக்கம் காற்றாலையிலும் பங்கு எடுத்தார்கள். இப்போது சோடா வாங்கும் கம்பெனி ஒன்று, டன்னுக்கு எத்தனை கிலோ கரியமில வாயு என்று கேட்கிறது. “கரண்ட் எல்லாம் காத்துதானே, பூஜ்யம்னு போடு” என்கிறார் மேலாளர். போட எனக்குக் கை வரவில்லை. டன்னுக்கு 2,300 யூனிட் இழுக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பழைய செல்ரூம்:
தம்பி, முதலில் பாய்லர் பக்கம் போய் நில்லுங்கள். மெம்பரேன், அதாவது சவ்வு வைத்த செல்லில் வருவது 32 சதவீதச் சோடாக் கரைசல்தான். அதை 50 ஆக்க நீராவி வேண்டும். செதிலாக விற்றால் அதற்கு எரிபொருள் தனி. பாய்லரில் நிலக்கரி எரியும்போது பூஜ்யம் எங்கிருந்து வரும்?

அப்புறம் ஹைட்ரஜன். ஒரு டன் சோடாவோடு 25 கிலோ வருகிறது. அதைப் பாய்லரில் எரித்தால் 800 யூனிட்டுக்கு மேல் வெப்பம். நான் இருந்த ஆலையில் பாதியை வானத்துக்கே விட்டோம், வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்சாரைக் குறைவாக நினைக்காதீர்கள். செல்லில் 0.1 வோல்ட் ஏறினால் டன்னுக்கு 70 யூனிட் கூடுதல். உப்புநீரில் கால்சியமோ மக்னீசியமோ நழுவினால் மெம்பரேன் அடைத்துக்கொண்டு வோல்டேஜ் ஏறும். மல்டிமீட்டரோடு நாங்கள் சுற்றிய காலத்தில் அது தெரியவே ஒரு வாரம் ஆகும்.

ஆடிக்காற்று:
மின்சாரத்திலும் பூஜ்யம் கிடையாது சார். காற்று மே முதல் செப்டம்பர் வரை வெளுத்து வாங்கும், பிறகு சரிந்துவிடும். செல் வருடம் முழுக்க ஓடுகிறதே! இந்தியத் தொகுப்பு (கிரிட்) மின்சாரத்துக்கு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. நாற்பது சதவீதம் அங்கிருந்து எடுத்தாலே டன்னுக்கு 640 கிலோவைத் தாண்டும். வருடக் கணக்கில் சரிக்கட்டாமல் மாதவாரியாகப் போடுங்கள்.

உப்பளத்தான்:
நன்றி. ஒரு டன் சோடாவோடு கூடவே 0.89 டன் குளோரினும் வருகிறதே, கரியமில வாயுச் சுமையை இரண்டுக்கும் எப்படிப் பிரிப்பது?

பழைய செல்ரூம்:
எடைப்படி பிரியுங்கள். விலைப்படியும் பிரிக்கலாம்தான், ஆனால் எடுத்துப்போகச் சொல்லி நாமே காசு கொடுக்கும் அளவுக்குக் குளோரின் விலை விழுந்த மாதங்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த முறை என்பதை அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள், வருடத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள்.

உப்பளத்தான்:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன் அண்ணே. செல்லுக்குச் செல் சென்சார் இருக்கிறது, ஹைட்ரஜனை வெளியே விடும் குழாயில் ஒரு மீட்டர்கூட இல்லை. திங்கட்கிழமை மீட்டிங்கில் கேட்கிறேன்.