ஏற்காடு பஸ்ஸில் ஒரு காலி சீட்

அஞ்சுரோடு:
நேற்று சேலத்திலிருந்து ஏற்காடு பஸ்ஸில் ஒரு ஜார்க்கண்ட் பையன். பக்கத்து சீட் காலி. ஆனாலும் நாலு பேர் இருபது கொண்டை ஊசி வளைவையும் நின்றுகொண்டே கடந்தார்கள். இந்த மனசைச் சட்டம் மாற்றாது, கண்ணில் அறைகிற மாதிரி ஒரு படம்தான் மாற்றும். 1963 மே மாதம் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பினப் பிள்ளைகள் மீது போலீஸ் நாய்களை ஏவியது, தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சியது. அதை அமெரிக்கா முழுக்க டிவியில் பார்த்தார்கள். 1964 ஜூலையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைச் சட்டம் வந்துவிட்டது.

கொலுசுப்பட்டறை:
டிவிதான் வாங்கிக் கொடுத்தது என்கிறீர்களா? அதே அலபாமாவின் மாண்ட்கோமரியில், பஸ்ஸில் சீட்டை நிறம் பார்த்துப் பிரித்ததை எதிர்த்து, 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள் கறுப்பின மக்கள் பஸ் ஏறாமல் நடந்தார்களே, அவர்கள் கேமராவை நம்பியா நடந்தார்கள்? உங்கள் கேமராவின் லட்சணத்தை 2023 மார்ச்சில் பார்த்தேன். தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோ சுற்றியது. என் பட்டறையில் இருந்த பீகார் பையன்கள் இரண்டு பேர் கூலிகூட வாங்காமல் ரயில் ஏறிவிட்டார்கள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

அஞ்சுரோடு:
அதே வருடம் ஜனவரியில், நம் சேலம் திருமலைகிரியில், கோயிலுக்குள் போன தலித் இளைஞரை ஒரு கட்சிக்காரர் கண்டபடி ஏசினாரே? வீடியோ பரவிய பிறகுதான் கட்சி அவரைத் தற்காலிகமாக நீக்கியது, போலீஸ் கைது செய்தது. வீடியோ இல்லாவிட்டால் புகாரையாவது வாங்கியிருப்பார்களா?

கொலுசுப்பட்டறை:
ஒருத்தர் கைதானார், சரி. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பது நின்றுவிட்டதா? 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் கொன்ற பின் சிவப்பழகு க்ரீம் கம்பெனிக்காரனும் பெயரில் இருந்த 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று போட்டான். என் தங்கை இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் வாங்குகிறாள்.

காப்பித்தோட்டம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் மேலே எஸ்டேட்டில் ரைட்டர். எம்மெட் டில் என்ற 14 வயது கறுப்பினப் பையனை 1955-இல் மிசிசிப்பியில் அடித்துக் கொன்றார்கள். சிகாகோவில் அவன் அம்மா, சிதைந்த முகத்தை ஊரே பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். 'ஜெட்' பத்திரிகை அந்தப் படத்தைப் போட்டது. காட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்தது அந்தத் தாய். பொய் வீடியோவில் யாரிடம் கேட்டார்கள்? நீங்கள் இரண்டு பேரும் இரண்டையும் ஒரே தராசில் போட்டுச் சண்டை பிடிக்கிறீர்கள்.

அப்புறம் அஞ்சுரோடு அண்ணா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பையன் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தீர்களா?

அஞ்சுரோடு:
இல்லை தம்பி. எனக்கு முன்னாலேயே ஜன்னல் சீட் கிடைத்திருந்தது. எழுந்து போகத் தோன்றவில்லை.