.22-க்கு மாறலாமா? பேரல் எவ்வளவு நீளம் வாங்குவது?

வேளச்சேரி41:
எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதமாக எழும்பூர் சென்னை ரைஃபிள் கிளப்பில், கிளப் துப்பாக்கியை வைத்து 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறேன். 60 குண்டுக்கு 585-லிருந்து 592 வரை வருகிறது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டரில் வெண்கலம் வாங்கியதைப் பார்த்த நாளிலிருந்து .22 (வெடிமருந்துத் தோட்டா போட்டு 50 மீட்டரில் சுடும் ரைஃபிள்) மேல் ஆசை. வீட்டில் பேசி, சொந்தமாக ஒன்று வாங்கப் பணம் சேர்த்துவிட்டேன். 26 அங்குல பேரல் (துப்பாக்கிக் குழல்) என்றால் வேகம் கூடும், குறி தப்பாது என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர், வாங்குவதே வாங்குகிறாய், பெரிய தோட்டா போடும் 7.62-ஆகப் பார் என்கிறார். 41 வயதில் தொடங்கியவன், தப்பான பொருளில் பணத்தைப் போட்டுவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது. எதை வாங்கலாம்?

அண்ணாநகர் அம்மா:
சார், என் மகள் ஜூனியர் பிரிவில் சுடுகிறாள். முதலில் உரிமத்தைப் பாருங்கள். .177 ஏர் ரைஃபிள் (நீங்கள் இப்போது சுடுகிற வகை) 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம். .22-க்கு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் கட்டாயம், சென்னையில் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். .303, 7.62 எல்லாம் ராணுவத் தோட்டா, தடைசெய்யப்பட்ட வகை. அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். தோட்டாவும் உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்குத்தான் கிடைக்கும். தினம் பயிற்சி செய்ய அது போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெரம்பூர் லேத்:
தம்பி, நான் ஐசிஎஃப்பில் லேத் முன்னால் நின்று ஓய்வு பெற்றவன். ஏர் ரைஃபிள் பத்தொன்பது வருடம், .22 பதினோரு வருடம். அந்த அம்மா சொன்னது அத்தனையும் சரி. நான் பேரலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

.22 தோட்டாவில் வெடிமருந்து மிகக் குறைவு. 16, 18 அங்குலத்துக்குள் அது தள்ள வேண்டியதைத் தள்ளி முடித்துவிடும். அதற்கு மேல் பேரல் நீண்டால் வேகம் கூடாது, உராய்வில் கொஞ்சம் குறையக்கூடச் செய்யும். பிறகு ஏன் 26 அங்குலம் என்றால், முன் சைட்டும் பின் சைட்டும் தள்ளி இருந்தால் குறியில் வரும் சின்னப் பிழைகூடக் கண்ணுக்குத் தெரியும், அதற்காகத்தான். இப்போது பலர் குட்டைப் பேரல் முனையில் வெறும் குழாயை மாட்டி அதே பலனை எடுத்துக்கொள்கிறார்கள்.

வேகமே நமக்கு வேண்டாம். போட்டிக்கான மேட்ச் தோட்டா வினாடிக்கு சுமார் 325 மீட்டரில்தான் கிளம்பும். சென்னை வெயிலில் ஒலியின் வேகம் 350 பக்கம். ஒலியை மிஞ்சிக் கிளம்பும் தோட்டா, வழியில் வேகம் குறைந்து அந்த எல்லையைத் தாண்டும்போது ஆட்டம் காணும். ஹை வெலாசிட்டி என்று பெட்டியில் போட்டிருந்தால் தொடாதீர்கள். ட்விஸ்ட் (குண்டைச் சுழற்ற பேரலுக்குள் இருக்கும் முறுக்கு) பற்றிக் கவலை வேண்டாம், .22-க்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதுதான் வழக்கம். தடித்த பேரல் அதிர்வு குறைவாகத் தரும், ஆனால் நின்று சுடும்போது முன்கனம் தோளைப் பிடிக்கும்.

என்னைக் கேட்டால் இப்போது .22 வேண்டாம், சொந்தமாக நல்ல .177 வாங்குங்கள். அதன் பேரல் 42 சென்டிமீட்டர்தான். ஆனால் பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போவதால், .22 தோட்டா தன் நீளமான பேரலைத் தாண்ட எடுப்பதைவிட அதிக நேரம் அந்தக் குட்டைப் பேரலுக்குள் கிடக்கிறது. டிரிகரை அழுத்தியவுடன் கை தளர்ந்தால் ஏர் ரைஃபிள் உடனே காட்டிக்கொடுக்கும். பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளி. 50 மீட்டரில் அதே வளையம் 10.4 மில்லிமீட்டர், ஆனால் அங்கே காற்று உண்டு. மதியக் கடற்காற்று இறங்கினால் சரியாகச் சுட்ட குண்டையே எட்டுக்குத் தள்ளிவிடும். கை தப்பா காற்று தப்பா என்று பிரித்துப் பார்க்க, முதலில் கை பழகியிருக்க வேண்டும்.

இன்னொன்று, பேரலின் வாய் விளிம்பு. 2015 டிசம்பர் மழையில் என் ஏர் ரைஃபிளைப் பஞ்சு வைத்த பெட்டியிலேயே பத்து நாள் விட்டுவிட்டேன். பஞ்சு ஈரத்தைக் குடித்து, விளிம்பில் ஊசிமுனை அளவு துரு. மிளகு அளவில் விழுந்த குரூப் (அட்டையில் ஓட்டைகள் சேரும் இடம்) வேர்க்கடலை அளவுக்கு விரிந்துவிட்டது. விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து விளிம்பைச் சீர் செய்த பிறகுதான் பழைய நிலை வந்தது. நம் ஊர்க் காற்றில் சுட்டு முடித்ததும் வியர்வையைத் துடைத்து எண்ணெய்த் துணி போட வேண்டும். பெட்டி பயணத்துக்கு மட்டும்தான்.

வேளச்சேரி41:
ரொம்ப நன்றி சார். .22 ஆசையைத் தள்ளி வைக்கிறேன். பெல்லட் டப்பாவில் 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறதே, அதில் எது?

பெரம்பூர் லேத்:
அது உங்கள் பேரல் சொல்ல வேண்டிய பதில். ஒரே மாடல், அடுத்தடுத்த எண் உள்ள இரண்டு துப்பாக்கிகூட வேறு வேறு அளவைக் கேட்கும். துப்பாக்கியைக் கிளாம்பில் பிடித்து, ஒவ்வொரு அளவிலும் பத்துப் பத்தாக மூன்று அட்டை சுடுங்கள். எந்த அட்டையில் ஓட்டை சின்னதோ அதே டப்பாவின் லாட் எண்ணை (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்) பார்த்து மொத்தமாக வாங்கி வையுங்கள். லாட் மாறினால் திரும்பச் சோதனைதான். .22 தோட்டாவுக்கும் இதே கதை. பேரலுக்கு ஆயிரங்களைக் கூடுதலாகக் கொட்டுவதைவிட இந்த ஒரு வேலை அதிகப் புள்ளி தரும்.

பழைய ரைஃபிள் என்றால் காற்று சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள்.

துப்பாக்கி கைக்கு வந்ததும் இங்கே எழுதுங்கள். ஒரு ஞாயிறு காலை கிளாம்பும் மூன்று டப்பாவும் கொண்டு வருகிறேன், உட்கார்ந்து பார்த்துவிடலாம்.