நிறுவல் கட்டத்திலேயே நின்றுவிடும் புதுப் பங்களிப்பாளர்கள்: ஆவணத்தை எப்படித் திருத்துவது?

கேள்வி

வணக்கம். பைதானில் எழுதப்பட்ட தமிழ்ச் சொற்பிழைதிருத்தி ஒன்றைத் திறமூலத் திட்டமாக நாங்கள் மூவர் ஓய்வு நேரத்தில் பராமரித்து வருகிறோம். அண்மையில் ஒரு கல்லூரிப் பயிலரங்கில் பதினொரு மாணவர்கள் எங்கள் நிறுவல் வழிகாட்டியைப் படித்துத் தத்தம் மடிக்கணினிகளில் திட்டத்தை ஓட்டிப் பார்க்க முயன்றனர். மாலைக்குள் எல்லாச் சோதனைகளும் தேறியது இருவருக்கு மட்டுமே. இருவரும் உபுண்டு வைத்திருந்தவர்கள். மற்றவர்கள் விண்டோஸ் பயனர்கள். விண்டோஸில் குளோன் செய்த (நகலிறக்கிய) அடைவை டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாகத் திறந்தவர்களுக்கு நிறுவல் ஸ்கிரிப்ட் முதல் வரியிலேயே நின்றது. விண்டோஸ் பைதானில் நேரடியாக ஓட்டியவர்களுக்கோ சொற்பட்டியலைப் படிக்கும் இடத்தில் யூனிகோடு டீகோடு பிழை (கோப்பின் பைட்டுகளை எழுத்துகளாக மாற்ற முடியாத பிழை) வந்தது.

இத்தகைய சிக்கல் வரும்போதெல்லாம் "வழக்கமான பிழைகள்" என்ற பகுதியில் ஒரு பத்தி சேர்ப்பது எங்கள் பழக்கம். அது இப்போது நான்கு பக்கத்துக்கு வளர்ந்துவிட்டது. அதை எவரும் படிப்பதாகத் தெரியவில்லை. ஆவணத்தை முழுவதுமாகத் திருத்தி எழுதுவதா, டாக்கருக்கு (நிரலை அதற்கு வேண்டிய சூழலோடு சேர்த்துக் கொள்கலனாக ஓட்டும் கருவி) மாறிவிடுவதா, தமிழிலும் ஒரு வழிகாட்டி தருவதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நீங்கள் சொல்லும் இரண்டு பிழைகளும் ஆவணத்தின் பிழைகள் அல்ல, களஞ்சியத்தின் (திட்டத்தின் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) பிழைகள்.

முதலாவது, வரிமுடிவுச் சிக்கலாகத்தான் இருக்கும். விண்டோஸுக்கான கிட்டை (நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) இயல்பான தேர்வுகளுடன் நிறுவினால், கோப்புகளை எடுத்துவைக்கும்போது வரிமுடிவுகளை விண்டோஸ் முறைக்கு மாற்றிவிடும். அந்த ஸ்கிரிப்டை லினக்ஸ் ஓட்டும்போது, முதல் வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்ட கண்ணுக்குத் தெரியாத எழுத்தையும் நிரலின் பெயரோடு சேர்த்துப் படித்துவிட்டு, அப்படி ஒரு நிரல் இல்லை என்று சொல்லும். கிட்டுக்கான அமைவுகள் உள்ள கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில், ஷெல் ஸ்கிரிப்டுகளின் வரிமுடிவு எப்போதும் லினக்ஸ் முறையான எல்எஃப் ஆகவே இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், இதைப் பற்றி ஆவணத்தில் ஒரு சொல்லும் எழுத வேண்டியிருக்காது.

இரண்டாவது, தமிழ்த் திட்டங்களுக்கு இன்னும் முக்கியமானது. என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் குறிமுறை) எதையும் குறிப்பிடாமல் ஒரு கோப்பைத் திறந்தால், இன்று பரவலாக உள்ள பைதான் பதிப்புகள் விண்டோஸில் அந்தக் கணினியின் வட்டாரக் குறிமுறையை எடுத்துக்கொள்கின்றன. பெரும்பாலும் அது மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான சிபி1252. யூடிஎஃப்-8 முறையில் நம் புள்ளியின் கடைசி பைட் 8டி. சிபி1252-இல் அந்த இடம் காலி. எனவே "கல்" என்ற சொல்லில் பைதான் பிழை காட்டி நின்றுவிடும். "மலை" என்ற சொல்லிலோ அப்படிக் காலி இடத்தில் விழும் பைட் எதுவும் இல்லாததால், பிழை எதுவும் காட்டாமல் குப்பை எழுத்துகளாகப் படித்துவிட்டுப் போய்விடும். (புள்ளி வைத்துப் புண்ணியம் தேடிக்கொண்டது நம் எழுத்து; அதுவும், இதேபோல் காலி இடத்தில் விழும் உகரக் குறி, ஏ, ஐ போன்றவையும் இல்லையென்றால் பிழையே உங்கள் கண்ணில் பட்டிருக்காது.)

என்கோடிங் குறிப்பிடாமல் கோப்பு திறக்கப்படும் இடங்களை எச்சரிக்கையாகக் காட்டும் தேர்வு பைதான் 3.10 முதல் இருக்கிறது. அதை இயக்கிச் சோதனைகளை ஒருமுறை ஓட்டுங்கள். 3.15 முதல் யூடிஎஃப்-8 இயல்பிருப்பாகும் என்று முடிவாகியிருக்கிறது. ஆனாலும் மாணவர்களிடம் இருப்பது பழைய பதிப்புகள்தான்.

மறுமொழி 2

மேலே சொன்னவை சரியே. ஆயினும் இப்படி ஒவ்வொன்றாகத் துரத்துவதைவிட, மேம்பாட்டுக் கொள்கலனுக்கான அமைவுக் கோப்பு ஒன்றைக் களஞ்சியத்தில் வைத்துவிடுவது எளிது. விஎஸ் கோடு என்ற நிரல் திருத்தி அதைப் படித்து, டாக்கரைக் கொண்டு எல்லோருக்கும் ஒரே லினக்ஸ் சூழலை உருவாக்கிக் கொடுக்கும். பைதானின் மூல நிரலான சிபைதானின் களஞ்சியத்திலேயே அத்தகைய அடைவு இருக்கிறது.

மறுமொழி 3

கொள்கலனை மாற்றுவழியாக வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதையே முதன்மை வழியாக்குவதில்தான் தயக்கம். விண்டோஸில் டாக்கர் ஓட வேண்டுமானால் பயாஸில் மெய்நிகராக்கம் இயக்கப்பட்டிருக்க வேண்டும், நினைவகமும் தாராளமாக வேண்டும். 4 ஜிபி மடிக்கணினியோடும் கைபேசி ஹாட்ஸ்பாட்டோடும் பயிலரங்குக்கு வரும் மாணவரிடம் அதைக் கேட்பது, ஒரு தடையை அகற்றி அதைவிடப் பெரிய ஒன்றை வைப்பதாகும். மேலும், உங்கள் பயனர்களில் பலர் விண்டோஸில் இருப்பவர்கள்தானே? கொள்கலனுக்குள் மட்டும் சோதித்தால், அந்தப் புள்ளிப் பிழை மறையுமே ஒழியத் தீராது.

நான் வேறொன்றைக் கேட்கிறேன். சொற்பட்டியலில் பத்துச் சொற்கள் சேர்க்க வந்தவருக்கு முழு நிறுவல் எதற்கு? பயர்பாக்ஸின் அமைவுக் கட்டளை முதலிலேயே இதைக் கேட்டுவிடும். இடைமுகத்தில் மட்டும் வேலை செய்ய வந்தவர் சி++ பகுதிகளைத் தாமே தொகுக்காமல், ஏற்கெனவே தொகுக்கப்பட்டவற்றைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ரஸ்ட் மொழியின் அமைவு ஸ்கிரிப்டும் கம்பைலரில் வேலையா, நூலகத்தில் வேலையா என்று கேட்டு, அதற்கேற்ற அமைப்பை எழுதிக்கொடுக்கிறது. உங்கள் வழிகாட்டியும் "சொல் சேர்க்க வந்தவர்களுக்கு", "நிரல் திருத்த வந்தவர்களுக்கு" என்று முதல் வரியிலேயே பிரியட்டும்.

வழிகாட்டியில் உள்ள கட்டளைகளையே, ஒரு சொல்லும் மாற்றாமல், தானியங்கிச் சோதனையில் வெறுமையான விண்டோஸ் கணினியிலும் லினக்ஸ் கணினியிலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டுங்கள். ஆவணம் பழசாகிவிட்டால் அன்றே சிவப்பு விளக்கு எரியும்.

தமிழ் வழிகாட்டி கட்டாயம் வேண்டும். ஆனால் பிழைச்செய்திகளை மட்டும் திரையில் தோன்றுகிறபடியே ஆங்கிலத்தில் விட்டுவிடுங்கள். மாணவர்கள் அதை அப்படியே நகலெடுத்துத்தான் தேடுவார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வரிமுடிவுக்கான வரியைச் சேர்த்து, ஏற்கெனவே உள்ள கோப்புகளுக்கும் அது பொருந்தும்படி கிட் ஆட் கட்டளையை ரீநார்மலைஸ் தேர்வுடன் ஒருமுறை ஓட்டிவிட்டோம். அந்த எச்சரிக்கையை இயக்கியபோது பதினேழு இடங்கள் அகப்பட்டன. அவற்றில் ஒன்று சோதனைக்குள்ளேயே இருந்தது: மூலக் கோப்பையும் எதிர்பார்க்கும் விடையையும் ஒரே தவறான குறிமுறையில் படித்து, குப்பையைக் குப்பையோடு ஒப்பிட்டு, விண்டோஸில் இத்தனை நாளாகத் தேர்ச்சி பெற்றுக்கொண்டிருந்திருக்கிறது. புள்ளியே இல்லாத சொற்களாகப் பார்த்து அந்தச் சோதனையை எழுதியவன் நான்தான்.

"வழக்கமான பிழைகள்" பகுதி அரைப் பக்கமாகக் குறைந்திருக்கிறது. சொல் சேர்ப்பவர்களுக்கு, இணைய உலாவியிலேயே கோப்பைத் திருத்தி அனுப்பும் தனி வழியை எழுதத் தொடங்கியுள்ளேன். விண்டோஸ் சோதனையில் இன்னும் ஒன்று தோற்கிறது; அந்தச் சோதனை தந்த பிழைச்செய்திகளைத் தனி இழையில் இடுகிறேன்.