கரண்ட் போயி வந்தா ஸீரியல் போர்ட் பெர்மிஷன் பழையபடி ஆயிடுது, நிரந்தரமா நிக்க என்ன வழி?

நீடாமங்கலம்_பில்லிங்:
வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு எடைமேடையில சிஸ்டம் பாத்துக்குறேன், டெபியன் 12 லினக்ஸ், எடை காட்டுற பொட்டியிலேருந்து யூஎஸ்பி ஸீரியல் கேபிள் வழியா பில் புரோகிராமுக்கு எடை வருது. போர்ட்டுக்கு சிஎச்மோட் 666 (யாரும் படிக்கலாம், எழுதலாம்) போட்டா ஓடுது, ஆனா கரண்ட் போயி வந்தாலோ கேபிள் கழண்டாலோ பெர்மிஷன் டினைட். சம்பா அறுப்பு நேரம், நெல் லோடு ரோடு வரைக்கும் நிக்குது. பூட்ல ஓடுற ஆர்சி லோக்கல் ஸ்கிரிப்ட்ல அதையே போட்டும் பாத்தாச்சு, பூட் ஆகுறப்ப சரியா வருது, நடுவுல கேபிள் கழண்டா அவ்ளோதான்.

வெண்ணாத்தங்கரை:
தம்பி, டெவ் ஃபோல்டர் ஹார்ட்டிஸ்க்ல இல்ல, டெவ்டிஎம்பிஎஃப்எஸ்னு மெமரியில இருக்கு. கேபிள சொருகினா கெர்னல் அந்த ஃபைல புதுசா உண்டாக்கும், டிவைஸ பாத்துக்குற யூடெவ்ங்கிற புரோகிராம் அதுக்கு ஓனர், குரூப், மோட் போடும், புடுங்கினா ஃபைலே காணாம போயிடும், அப்புறம் 666 எங்கேருந்து நிக்கும்? டெபியன்ல இந்த போர்ட் டயல்அவுட் குரூப்ல 660ஆத்தான் வரும், அதாவது ஓனரும் அந்த குரூப்பும் மட்டும் படிக்கலாம், எழுதலாம். பில் போடுற யூசர யூசர்மோட் மைனஸ் ஏ, பெரிய ஜி போட்டு டயல்அவுட்ல சேருங்க, லாகவுட் பண்ணி உள்ள வாங்க. அந்த ஏ இல்லன்னா மத்த குரூப்லேருந்தெல்லாம் யூசர தூக்கிடும், ஜாக்கிரதை. 666 வேணவே வேணாம், வேற எந்த புரோகிராமும் அதே போர்ட்ட படிச்சா பாதி எழுத்து அங்கிட்டு போயி எடை தப்பா வரும், விவசாயி காசு தம்பி அது.

கும்மோணத்து_லினக்ஸ்:
அண்ணே சொன்னது சரி, கூடவே ஒரு யூடெவ் ரூலும் எழுதிடுங்க, ஏன்னா கழட்டி மாட்டுனா போர்ட் பேரு டிடிஒய்யூஎஸ்பி 0 சில சமயம் 1 ஆயிடும். ஈடிசி, யூடெவ், ரூல்ஸ் டாட் டிக்குள்ள 99ல ஆரம்பிச்சு டாட் ரூல்ஸ்னு முடியுற ஃபைல். அதுல ஒரே வரி: சப்சிஸ்டம் டிடிஒய், ஐடிவெண்டார், ஐடிபுராடக்ட், குரூப் டயல்அவுட், மோட் 0660, சிம்லிங்க்ல (அதே போர்ட்டுக்கு மாறாத இன்னொரு பேரு) ஒரு பேரு. வெண்டார், புராடக்ட் நம்பர் எல்எஸ்யூஎஸ்பி கமாண்ட்ல பாக்கலாம், கேபிள்ல எஃப்டிடிஐ கம்பெனி சிப்னா பெரும்பாலும் 0403, 6001. ரெண்டு எடத்துல எல்லாரும் சறுக்குவாங்க: ஐடிவெண்டார் டிடிஒய்க்கு மேல இருக்குற யூஎஸ்பி டிவைஸோட விஷயம், அதனால ஏட்டிடிஆர் இல்ல, ஏட்டிடிஆர்எஸ், ஒப்பிடுற எடத்துல ரெண்டு ஈக்வல், மோட் குரூப்புக்கு ஒண்ணு. அப்புறம் யூடெவ்ஏடிஎம் கன்ட்ரோல் ரீலோட், கேபிள கழட்டி மாட்டுங்க.

திருவையாறு_பிஎஸ்டி:
லினக்ஸ் இல்லாம ஃப்ரீபிஎஸ்டி ஓட்டுற ஆளுங்களுக்கு: டெவ்எஃப்எஸ் டாட் கான்ஃப் பூட் நேரத்துல இருக்குற டிவைஸுக்குத்தான். சொருகி எடுக்குறதுக்கு டெவ்எஃப்எஸ் டாட் ரூல்ஸ்ல எழுதி, ஆர்சி டாட் கான்ஃப்ல அந்த ரூல்செட் பேர குடுக்கணும், இது இல்லாம ரூல் எழுதியும் பிரயோசனம் இல்ல. ஓபன்பிஎஸ்டில டெவ் டிஸ்க்குலயே இருக்கு, சிஎச்மோட் போட்டா ரீபூட்டுக்கு அப்புறமும் நிக்கும்.

நீடாமங்கலம்_பில்லிங்:
ரொம்ப நன்றிண்ணே, குரூப்ல சேத்து ரூலும் போட்டாச்சு, கழட்டி மாட்டியும் ரீபூட் பண்ணியும் பாத்துட்டேன், எடை கரெக்டா வருது. இன்னொரு மேடைக்கும் இதே கேபிள்தான், ரெண்டுலயும் ஸீரியல் நம்பர் இல்ல, எப்படிப் பிரிக்கிறது?

கும்மோணத்து_லினக்ஸ்:
எந்த ஓட்டையில சொருகியிருக்குங்கிறத வச்சுத்தான் பிரிக்க முடியும். டெவ், ஸீரியல், பை பாத் உள்ள பாருங்க, யூடெவ்வே லிங்க் போட்டு வச்சிருக்கும், புரோகிராமுல அந்த பேரையே குடுத்துடுங்க. ஓட்டைக்கு மேல 1, 2னு ஸ்டிக்கர் ஒட்டி, மாத்தி சொருகக் கூடாதுன்னு அங்க இருக்குற ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க.