முதன்முதலாகக் கையில் கிடைத்த கல் சிப்பி: உங்கள் அனுபவம் என்ன?

வேளச்சேரி வாசி:

நான் இந்தப் பொழுதுபோக்குக்குள் வந்ததே ஒரு தப்புக் கணக்கில்தான். திருவான்மியூரில் பெரியப்பா வீட்டில் உறைகிணறு இறக்கினார்கள். மேல் மணல் தீர்ந்ததும் கறுப்புச் சேறு வந்தது. சேற்றோடு கூடை கூடையாகச் சிப்பி, கரி பூசிய மாதிரி கறுத்திருந்தது. கடற்கரையிலிருந்து இவ்வளவு உள்ளே, அதுவும் பூமிக்கு அடியில் கிடக்கிறதென்றால் கோடி வருஷமாவது இருக்காதா? ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய அள்ளி வந்து அலமாரியில் வைத்தேன். வருகிறவர்களிடமெல்லாம் டைனோசர் காலத்துச் சிப்பி என்று அளந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் மண்ணியல் படித்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். பாட்டிலைத் தரையில் கொட்டி, ஒன்றை எடுத்துப் பேனாக்கத்தியால் லேசாகச் சுரண்டினார். கறுப்பு உதிர்ந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. "தம்பி, இது மட்டி. பழவேற்காட்டுப் பக்கம் இன்னைக்கும் சேத்துல கிடைக்கும். கடல் இதைவிட உள்ளே இருந்தப்போ மாட்டிக்கிட்டது, சில ஆயிரம் வருஷம் இருக்கலாம். இந்தக் கறுப்பு சேத்தோட நிறம்பா, வயசோட நிறம் இல்ல" என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது. அவர் விடவில்லை. "எத்தனை அடியில கிடைச்சது? என்னைக்கு எடுத்த? எழுதி வெச்சியா?" எழுதவில்லை.

உண்மையான புதைபடிவத்தைப் பார்த்தது அதற்குப் பிறகுதான், பெரம்பலூர் மாவட்டம் காரையில். சாம்பலும் செம்மையும் கலந்த களிமண் மேடுகள். மழை அறுத்து அறுத்து ஆயிரம் வாய்க்கால்கள். வெயிலில் ஜிப்சம் கண்ணாடிச் சில்லு போலப் பளபளத்தது. பத்து கோடி வருஷத்துக்கு முன்னால் அது கடல் அடித்தளம். கீழே பார்த்தபடி நடந்தால் போதும், விரல் நீளத்தில் கூர்மையாகக் கல் கிடக்கும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் "தோட்டாண்ணே, வெள்ளைக்காரன் சுட்டது" என்றான். பெலம்நைட். கணவாய் மாதிரியான ஒரு பிராணியின் உடலுக்குள் இருந்த பாகம். உடைந்த முனையைப் பார்த்தால் எலுமிச்சையைக் குறுக்கே வெட்டியதுபோல நடுவிலிருந்து கதிர்கள் ஓடும்.

அரியலூர் பக்கம் போனபோது கிடைத்ததுதான் இன்றுவரை எனக்குப் பிடித்தது. கிரிஃபியா என்று சொல்லும் சிப்பி. ஒரு ஓடு கொழுக்கட்டை மாதிரி தடித்து, நுனி உள்பக்கமாகச் சுருண்டிருந்தது. மற்றது அதன் மேல் தட்டையான மூடி. ஓரத்தில் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக வளர்ச்சிக் கோடுகள். எடை அசத்தியது. கடற்கரைச் சிப்பியை எடுத்துப் பழகிய கைக்கு இது சிப்பி என்றே படாது. உயிரோடு இருந்தபோதே ஓடு அவ்வளவு தடிமனாம்.

அவ்வளவுதான் என் கதை. நீங்கள் சொல்லுங்கள்.

சாலிகிராமத்துப் பேத்தி:

எனக்கு எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை. பாட்டி பூஜையில் ஒரு சாளக்கிராமம் இருந்தது. தினமும் அபிஷேகம், துளசி. சின்ன வயதில் தொட்டால் அடி விழும். பாட்டி காலமான பிறகு அம்மா துடைக்கச் சொன்னபோதுதான் கையில் எடுத்தேன். கறுப்புக் கூழாங்கல், ஒரு பக்கம் பிளவு. பிளவுக்குள் சக்கரம். அதில் வரிவரியாக விலா. ஒவ்வொரு விலாவும் வெளி ஓரத்துக்கு வரும்போது இரண்டாகப் பிரிந்தது. அம்மோனைட்! சுருள் ஓட்டோடு வாழ்ந்து அழிந்துபோன கடல் பிராணி. நேபாளத்தில் காளிகண்டகி ஆறு உருட்டிக்கொண்டு வரும் கல். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே இருந்த கடலில் வாழ்ந்த பிராணி.

சாலிகிராமத்திலேயே பிறந்து வளர்ந்து, சாளக்கிராமம் என்னவென்று இருபத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன். அம்மாவிடம் சொன்னேன். "சரி, அபிஷேகத்தை நிறுத்தாதே" என்றாள். நிறுத்தவில்லை.

பெரம்பூர் ஆசிட் வீரன்:

சிரிக்காதீர்கள். அரியலூரிலிருந்து கொண்டுவந்த சுண்ணாம்புக்கல் துண்டில் அழகாக ஒரு சங்கு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மீதியை வெளியே எடுக்கலாமென்று பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றினேன். நுரை பொங்கியது. கல் கரைகிறது என்று சந்தோஷப்பட்டேன். சங்கும் அதே சுண்ணாம்புதான் என்பது மண்டையில் உறைக்கவில்லை. பத்து நிமிஷத்தில் முனை மழுங்கி, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி ஆகிவிட்டது. இப்போது தண்ணீர், பழைய டூத் பிரஷ், கோணி ஊசி, இவ்வளவுதான். ஒரு கல்லுக்கு ஒரு மாசம் ஆனாலும் சரி.

மயிலாப்பூர்:

நான் காசு கொடுத்து ஏமாந்தவன். ஒரு கண்காட்சியில் பாதியாக அறுத்துப் பாலிஷ் போட்ட அம்மோனைட். "நம்ம ஊர் சார், அரியலூர்" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தால் நடுச் சுருளில் பிசின் பூசிப் புள்ளி வைத்திருக்கிறார்கள். இப்படி அறுத்து விற்பது பெரும்பாலும் மடகாஸ்கர் சரக்கு என்று பிறகு தெரிந்தது. அழகு என்னவோ அழகுதான், மேசையில் இருக்கிறது.

தாம்பரம் ஓய்வூதியர்:

அடையாளம் காண்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. எழும்பூர் அருங்காட்சியகத்தின் மண்ணியல் பகுதியில் ஒரு முழு நாள் செலவழியுங்கள், கண் பழகும். அப்புறம் பழைய தொகுதிகள். ஸ்டொலிச்கா என்ற செக் நாட்டு அறிஞர் இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையில் இருந்துகொண்டு, தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் காலத்து (டைனோசர்களின் கடைசிக் காலம்) பிராணிகளை 1860களிலிருந்து 1873 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்டார். பிளான்ஃபோர்டு என்பவரும் அதில் பங்கு. கல்லச்சுப் படங்கள் ஒவ்வொன்றும் நிஜக் கல்லைக் கையில் வைத்துப் பார்ப்பதுபோல இருக்கும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அதிலுள்ள பெயர்களை அப்படியே எழுதிவிடாதீர்கள், பல மாறிவிட்டன. வேளச்சேரி தம்பி சொன்ன கிரிஃபியாவையே இப்போது பலர் பிக்னோடான்ட் என்று எழுதுகிறார்கள்.

நாட்டிலஸா அம்மோனைட்டா என்று குழம்பாதவர் இல்லை, இரண்டும் சுருள் ஓட்டுப் பிராணிகள். நானும் மூன்று வருஷம் ஒன்றை மாற்றி எழுதி வைத்திருந்தேன். உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர் ஓட்டைத் தொடும் கோட்டைப் பாருங்கள். நாட்டிலஸில் அது சாதாரண வளைவு. அம்மோனைட்டில் வேப்பிலை ஓரம் போல நெளிந்து நெளிந்து போகும். ஆனால் மேல் ஓடு இருக்கும்போது இந்தக் கோடு தெரியாது, ஓடு உதிர்ந்த உள்வார்ப்பில்தான், அதாவது ஓட்டுக்குள் நிரம்பி இறுகிய கல்லில்தான் தெரியும். உடைந்தது என்று நாம் தூக்கிப் போடும் துண்டுதான் பல சமயம் பெயரைச் சொல்லிக் கொடுக்கும்.

பல்லாவரம் பையன்:

சார், எங்க வீட்டுப் பக்கமே குவாரி இருக்கு. பல்லாவரம் மலையில் சிப்பி கிடைக்குமா?

தாம்பரம் ஓய்வூதியர்:

கிடைக்காது தம்பி. அது சார்னோக்கைட், பூமிக்கு அடியில் ஆழத்தில் வெந்து உருவான பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு இங்கிருந்துதான் கல் போனது, அந்தப் பெயரையே பாறைக்கு வைத்தார்கள். சிப்பி இல்லையென்று வருத்தப்படாதே. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற மண்ணியலாளர் பழைய கற்காலக் கருவி எடுத்தது உங்கள் பல்லாவரத்தில்தான். சென்னைக்குப் பக்கத்தில் புதைபடிவம் வேண்டுமானால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் களிக்கல்லில் இலைத் தடங்கள் கிடைத்திருக்கின்றன.

அம்பத்தூர்:

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா? நானும் என் மச்சானும் வண்டியைக் கிளப்பத் தயாராகிவிட்டோம். அதற்குள் அது முட்டையே இல்லை, அம்மோனைட் சம்பந்தப்பட்ட உருண்டைக் கல் என்று தெரிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். மச்சான் இன்னும் நம்பவில்லை. அது தனிக் கதை.

ஒரு வேண்டுகோள்: சாத்தனூர் கல்மரம், திருவக்கரை இரண்டும் பாதுகாக்கப்பட்ட இடங்கள். கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போன முறை ஒரு குடும்பம் கல்மரத்தில் சில்லு பெயர்க்கப் பார்த்தது. காவலாளியைவிட நான்தான் அதிகமாகக் கத்தினேன்.

வேளச்சேரி வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஆசிட் வீரரே, உங்கள் சங்கின் படத்தைப் போடுங்கள், ஆறுதல் சொல்கிறோம்.

தாம்பரம் அய்யா எழுதியதைப் படித்துவிட்டு என் சேகரிப்பை வெளியே எடுத்தேன். காரைக் கற்களுக்கெல்லாம் சீட்டு இருக்கிறது. ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மட்டும் இல்லை. நேற்றுப் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். "ஆழமா? அது யாருக்குடா ஞாபகம்" என்றார். பிறகு அவரே, "இரு, உறைக்கு இவ்வளவுன்னுதானே கூலி பேசினோம்" என்று கணக்கு நோட்டை எடுத்துவரச் சொன்னார். பெரியம்மா படித்தார். ஓரடி உறை. பதினோராவது உறை இறக்கிய அன்று, "சேறு வந்ததால் கூடுதல் கூலி" என்று தனி வரி, தேதியோடு.

சீட்டில் எழுதி ஒட்டிவிட்டேன்: திருவான்மியூர், பதினோராவது உறை, கறுப்புச் சேறு, மட்டி.