பிடிஎஃப் (BTF) கருவியில் ‘டைப்’ ஆப்ஷன் சேர்த்த பிறகு உறுப்புகளின் வகை மாறித் தெரிகிறது: உதவி தேவை

கேள்வி (காரைக்குடி)

அனைவருக்கும் வணக்கம். லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தன் தரவு வகைகளின் விவரங்களை வைத்திருக்கும் பிடிஎஃப் கோப்பை நேரடியாகப் படித்து அச்சிடும் சிறிய கட்டளைவரிக் கருவி ஒன்றை சி மொழியில் எழுதி வைத்திருக்கிறேன். கெர்னலில் பிழை தேடும்போது, ஒரு ஸ்ட்ரக்ட்டின் (பல உறுப்புகளைச் சேர்த்த தரவுக் கட்டமைப்பு) எந்த உறுப்பு எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று பார்ப்பதற்கே அது எனக்குப் பெரும்பாலும் பயன்படுகிறது. எல்லா வகைகளையும் அச்சிட்டால் திரை நிற்காமல் ஓடுவதால், ஸ்ட்ரக்ட், யூனியன், ஈனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் தொகுப்பு) என்று கேட்டதை மட்டும் காட்டும்படி ‘டைப்’ என்ற ஆப்ஷனைச் சேர்த்தேன்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. லிஸ்ட்_ஹெட் ஸ்ட்ரக்ட்டின் நெக்ஸ்ட், ப்ரீவ் என்ற இரண்டு உறுப்புகளும் லிஸ்ட்_ஹெட்டையே சுட்டும் பாயின்டர்களாக வர வேண்டும். ஆப்ஷன் இல்லாமல் ஓட்டினால் அப்படியே வருகின்றன. ஸ்ட்ரக்ட் மட்டும் என்று கேட்டாலோ சம்பந்தமே இல்லாத வேறொரு ஸ்ட்ரக்ட்டின் பெயர் வருகிறது. லூப்பில் ஒரு பதிவைப் படித்து, படிக்கும் இடத்தை அடுத்த பதிவுக்கு நகர்த்திய பின், வகை பொருந்தாவிட்டால் ‘கன்டினியூ’ செய்கிறேன் (மீதி வரிகளை விட்டு அடுத்த சுற்றுக்குப் போகிறேன்). பொருந்தினால் வகை எண்ணை ஒன்று கூட்டி, அட்டவணையில் சேர்க்கிறேன். லூப் முடிந்ததும் அட்டவணையை அச்சிடுகிறேன். பழைய மடிக்கணினியில், 5.10 கெர்னலில் சோதித்தேன்.

பதில் (தேவகோட்டை)

தம்பி, உங்கள் ‘கன்டினியூ’ எண்ணைக் கூட்டும் வரிக்கு முன்னால் நிற்கிறது. பிடிஎஃப் கோப்பில் வகை எண் எங்கும் எழுதப்படுவதில்லை. பதிவு எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அதுவே அதன் எண். 0 என்பது வாய்டுக்கு (வகையின்மைக்கு) உரியது, கோப்பின் முதல் பதிவு 1. நம் பக்கத்துக் கல்யாண வீட்டு மொய் ஏட்டில் வரிசை எண் போடாமல் எழுதியிருந்தால், நாற்பதாவது வரியில் இருப்பவர் யார் என்பதை எல்லா வரிகளையும் எண்ணித்தானே சொல்ல முடியும்? தேவகோட்டைக்காரர்களை மட்டும் எண்ணிக்கொண்டு போனால் நாற்பதாவது ஆள் வேறொருவராகிவிடுவார். உங்கள் அட்டவணையில் நடந்திருப்பது அதுதான்.

படிக்கும்போது வடிகட்டாதீர்கள். எல்லாப் பதிவுகளையும் அட்டவணையில் ஏற்றிவிட்டு, அச்சிடும் இடத்தில் மட்டும் ஆப்ஷனைப் பாருங்கள். ஸ்ட்ரக்ட்டை மட்டும் கேட்டாலும், அதன் உறுப்பு சுட்டும் பாயின்டரின் பெயரைச் சொல்ல அந்தப் பாயின்டரின் பதிவும் கையில் இருந்தாக வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. சோதனையை அச்சிடும் இடத்துக்கு மாற்றினேன், லிஸ்ட்_ஹெட் சரியாகிவிட்டது. ஆனால் அதே கருவியைப் புதிய கணினியில், 6.8 கெர்னலில் ஓட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது. ‘டேட்டாசெக்’ (மாறிகள் இருக்கும் தரவுப் பகுதி) மட்டும் என்று கேட்டால், பெர்சிபியு (ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியான) தரவுக்கான ஒன்றுதான் வரும் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பதிலாக ‘பிபிஎஃப்_எஃப்_கரன்ட்_சிபியு’ என்ற பெயரில், அளவு 0, உறுப்புகள் 65,535 என்று ஒன்று வருகிறது. அதற்குப் பிறகு வருபவை எல்லாம் குப்பை. ஆப்ஷன் இல்லாத காலத்தில் அந்த நீளமான பட்டியலை யார் உட்கார்ந்து படித்தார்கள். சரியாகத்தான் வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பதில் (பள்ளத்தூர்)

இது வடிகட்டியின் பிழை அன்று. முன்பே இருந்த பிழையை வடிகட்டி காட்டிக்கொடுத்திருக்கிறது. ஒரு பதிவு ஸ்ட்ரக்ட்டா, ஈனமா என்ற வகையை எடுக்க, அதில் உள்ள இன்ஃபோ என்ற 32 பிட் எண்ணை 24 பிட் வலப்புறம் நகர்த்திய பின் 15 உடன் ‘அண்ட்’ செய்து கீழ் நான்கு பிட்டை மட்டும் எடுக்கிறீர்களா? பழைய தலைப்புக் கோப்பில் அப்படித்தான் இருந்தது; 15 வகைகளுக்கு நான்கு பிட் போதுமாக இருந்தது. 2021இல் ஃப்ளோட் (தசம எண்) 16ஆவது வகையாக வந்தபோது அதை ஐந்து பிட் ஆக்கினார்கள். இப்போது 31 உடன் ‘அண்ட்’ செய்ய வேண்டும்.

நீங்கள் கண்ட பெயரே நடந்ததைச் சொல்கிறது. அது 64 பிட் மதிப்புகள் கொண்ட, பெயரில்லாத ஓர் ஈனத்தின் இரண்டாவது உறுப்பு. அந்த ஈனம் 2022இல் வந்த ஈனம்64 என்ற 19ஆவது வகையைச் சேர்ந்தது. நான்கு பிட்டில் 19 என்பது 3 ஆகிவிடும்; 3 என்பது அரே. அரே பதிவின் பொதுப் பகுதிக்குப் பின்னால் 12 பைட்டுகள்தான் என்று உங்கள் கருவி அவற்றை மட்டும் தாண்டியது. இந்த ஈனத்துக்கோ மூன்று உறுப்புகள், ஒவ்வொன்றும் 12 பைட்டாக 36. ஆகவே இரண்டாவது உறுப்பையே புதிய பதிவு என்று எண்ணிக்கொண்டது. பெயர் இருந்த இடத்தில் பெயர் கிடைத்தது. இன்ஃபோ இருக்க வேண்டிய இடத்தில், எல்லா பிட்டும் 1 ஆன கீழ்ப்பாதி மதிப்பு கிடைத்தது. அதில் நான்கு பிட் எடுத்தால் 15, அதாவது டேட்டாசெக். கீழ் 16 பிட் எடுத்தால் 65,535. அடுத்து அளவுக்குரிய இடத்தில் இருந்தது மேல்பாதி மதிப்பான 0. பிறகு 65,535ஐ 12ஆல் பெருக்கி 7,86,420 பைட்டுகளை ஒரே தாவாகத் தாண்டிப் போயிருக்கிறது.

31 ஆக மாற்றுவதோடு, 16 முதல் 19 வரையிலான வகைகளின் பின்பகுதி அளவுகளையும் சேர்த்துவிடுங்கள்: ஃப்ளோட்டுக்கும் டைப் டேக்குக்கும் எதுவும் இல்லை, டெக்ல் டேக்குக்கு 4 பைட், ஈனம்64க்கு உறுப்புக்கு 12. தெரியாத வகை வந்தால் யூகித்துத் தாண்டாமல் பிழை சொல்லி நின்றுவிட வேண்டும். லூப் முடியும்போது படித்த இடம், பிடிஎஃப் கோப்பின் தலைப்பில் சொல்லப்பட்ட வகைப் பகுதியின் நீளத்தோடு பைட் பிசகாமல் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். கடைசி வகை எண்ணை, இதே கோப்பைப் படித்துக் காட்டும் பிபிஎஃப்டூல் (bpftool) என்ற கருவி தரும் கடைசி எண்ணோடு ஒப்பிடுவது இன்னும் எளிது.

கேட்டவர்

அக்கா, 15தான் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வரி. மாற்றியதும் கடைசி எண் பிபிஎஃப்டூலோடு ஒத்துப்போகிறது. இன்னும் ஒன்றே ஒன்று: ஸ்ட்ரக்ட் மட்டும், பெயர் ‘அடாமிக்_டி’ என்று கேட்டால் எதுவுமே வரவில்லையே?

பதில் (பள்ளத்தூர்)

வராது. அடாமிக்_டி என்பது டைப்டெஃப்பின் (ஒரு வகைக்கு வைக்கும் மாற்றுப்பெயர்) பெயர். அது சுட்டும் ஸ்ட்ரக்ட்டுக்குப் பெயரே இல்லை, உள்ளே கவுன்டர் என்ற ஓர் இன்ட் மட்டும்தான்.

பதில் (தேவகோட்டை)

அப்படியானால் ஸ்ட்ரக்ட் என்று கேட்கும்போது, பெயரில்லாத ஸ்ட்ரக்ட்டைச் சுட்டும் டைப்டெஃப்களையும் காட்டிவிடலாமே. பயன்படுத்துபவர் தேடுவது அதைத்தானே.

பதில் (பள்ளத்தூர்)

எனக்கு அதில் உடன்பாடில்லை ஐயா. கேட்டது ஒன்று, வருவது வேறு என்றால், பட்டியலை இன்னொரு நிரலுக்கு அனுப்பி எண்ணுபவருக்குக் கணக்கு தவறும். காற்புள்ளியிட்டு ‘ஸ்ட்ரக்ட், டைப்டெஃப்’ என்று இரண்டையும் கேட்க வழி செய்தால் போதும்.

கேட்டவர்

காற்புள்ளி வழியையே எடுத்துக்கொண்டேன். ஈனம் என்று கேட்டால் மட்டும் 6 (ஈனம்), 19 (ஈனம்64) ஆகிய இரண்டு வகைகளையும் காட்டும்படி வைத்திருக்கிறேன், ஏனெனில் சி மொழியில் எழுதுபவருக்கு அவை இரண்டும் ஒன்றே. வகைப் பெயரை எழுத்துப்பிழையோடு கொடுத்தால், வெறும் பட்டியலைக் காட்டாமல் பிழைச் செய்தியோடு கருவி நின்றுவிடுகிறது.