ரிக்கார்டன் ஜங்ஷன் கலர் படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, பிரிட்டனின் எடின்பரோ–கார்லைல் வேவர்லி ரயில் பாதையில் ஹாயிக் ஊருக்குத் தெற்கே உள்ள பகுதியை டிரெய்ன் சிமுலேட்டர் கேமுக்காக உருவாக்கி வருகிறேன். 1969 ஜனவரியில் மூடிய பாதை. 2015-இல் திரும்ப வந்தது ட்வீட்பேங்க் வரைதான். விட்ரோப் சுரங்கம், அதற்கு ஏறும் 75-க்கு 1 ஏற்றம் (75 அடி போனால் 1 அடி உயரும்) இரண்டும் முடிந்துவிட்டன. நீராவி என்ஜின் மூச்சிரைத்து ஏறுவதைப் பார்த்தால் மனசு நிறைகிறது.

சிக்கி நிற்பது ரிக்கார்டன் ஜங்ஷனில். ரொம்ப காலம் ரோடே இல்லாத ரயில்வே ஊர். கூட்டுறவுக் கடைகூட பிளாட்பாரத்திலேயே இருந்தது. அந்தக் கடைக் கதவு என்ன நிறம்? கருப்பு வெள்ளைப் படங்களில் தெரியவில்லை. 1960-களின் கலர் ஸ்லைடோ சிக்னல் வரைபடமோ இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். அப்புறம், இந்த ஜங்ஷனில் பிரிந்த ஹெக்சம் கிளைப் பாதையில் 1956-இல் பயணிகள் ரயில் நின்ற பிறகு, அந்தப் பக்கத் தண்டவாளத்தில் எவ்வளவு விட்டுவைத்தார்கள்? அது தெரிந்தால்தான் யார்டை முடிக்க முடியும்.